வாக்குச்சீட்டின் பின்பக்கம்

1

"மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட்ங்கிறது யாரு?"

இப்படி என்னிடம் கேட்டவர் எங்கள் ஹார்க்னஸ் ஊர் அலுவலக எழுத்தர் வினிஃப்ரெட் ஹாஸ்கெல். கேட்ட இடம் குப்பைக் கிடங்கு. சனிக்கிழமை காலை. அவர் கையில் பிடி கழன்ற ஒரு வாணலி. ஹார்க்னஸில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், நாய்க்கு உரிமம் வாங்கியவர்கள் என எல்லோருடைய பெயரும் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரியாத பெயர் என்று ஒன்று இந்த ஊரில் இருக்கக் கூடாது. இருந்தது. அதனால் ஐந்து நாளாகத் தூக்கம் சரியில்லை என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. வாணலியை வாங்கி அடுக்கில் வைத்தேன். பதில் சொல்லாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

அவர் கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கதை. வாய் திறந்திருந்தால் ஆறு வார்த்தையில் முடிந்திருக்கும்: "நான் கற்பனை செய்த ஒரு பெண், மன்னியுங்கள்." வாய் திறக்காததால் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தேவைப்படுகிறது.

என் பெயர் டெலியா க்ரோவெல். வயது பதினெட்டு. பதினாறில் பள்ளியை விட்டேன். [இங்கே ஒரு பத்தி இருந்தது. வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசச் சொன்ன ஒரு நாளைப் பற்றியது. அடித்துவிட்டேன். எழுதவே வரவில்லை என்பதிலிருந்து, பேச வந்திருக்குமா என்று வாசகரே முடிவு செய்துகொள்ளுங்கள்.]

குப்பைக் கிடங்கின் ஓரத்தில் ஒரு கொட்டகை உண்டு. வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம். சனி, புதன் இரண்டு நாளும் அந்தக் கொட்டகை என் பொறுப்பு. பாதி எழுதிய நோட்டுகள் நிறைய வரும். மீதிப் பாதியில் நான் எழுதுவேன். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் யாரோ உடல் இளைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்: "திங்கள்: அரை ஆப்பிள். செவ்வாய்: அரை ஆப்பிள். புதன்: ஆப்பிள் கேக்." வியாழக்கிழமை இல்லை.

வியாழனிலிருந்து நான் எழுதுகிறேன். இது எதுவும் யாருக்கும் தெரியாது.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

முதலாவது: "மே மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை, ஹார்க்னஸ் ஊர் ஒரு" என்று எழுதி நிறுத்திவிட்டேன். ஊர் ஒரு என்ன? ஊர் எதையும் ஒன்றாகச் செய்ததில்லை. அதுதான் கதையே.

இரண்டாவது: "மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட் டவுன் ஹாலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்." இதுவும் ஆகாது. எங்கள் டவுன் ஹாலில் யார் நுழைந்தாலும் முதலில் அவர் காலணிச் சேற்றைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது: "எங்கள் வீட்டை விற்கப் போகிறார்கள்."

இது உண்மை. அதனால்தான் மூன்றாவதாக வந்தது. என் உண்மை எப்போதும் வரிசையின் கடைசியில் நின்று, முறை வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடும் வகை.

3

அந்த மூன்றாவது வரியைத் தொடர்கிறேன்.

மில் சாலை பதினேழாம் எண்ணின் மாடியில் அம்மாவும் நானும் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் ஆர்வில் பேஜ். பிப்ரவரியில் ஒரு நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் கெட்ட செய்தி.

"ரொவீனா, முட்டி போயிடுச்சு. படி ஏற முடியல. பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

"இப்ப ஏறித்தானே வந்தீங்க, ஆர்வில்?"

"அதைச் சொல்லத்தான் ஏறினேன். கடைசித் தடவை."

அம்மா சிரித்தாள். அப்புறம்தான் வீட்டை வாங்க ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. பாஸ்டன்காரர். கோடையில் மட்டும் வந்து தங்குவதற்கு முழு வீடும் வேண்டுமாம்.

"எங்க போவோம் ஆர்வில்? இந்த ஊர்ல வாடகைக்கு வேற வீடே கிடையாதே."

அப்போது ஆர்வில் ஒரு விஷயம் சொன்னார். மே மாதத் தேர்தல் சீட்டில், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஊரார் ஓட்டுப் போட வேண்டிய ஒரு கேள்வி வரப்போகிறது. பேணல் நிதி. வீட்டு வரியோடு நூற்றுக்கு ஒன்றரை கூடுதலாகக் கட்டினால், அந்த நிதியில் ஊரின் பழைய கட்டடங்கள், காடு, குறைந்த வாடகை வீடுகள் மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். மாநில அரசும் கொஞ்சம் சேர்க்கும். நிதி வந்தால் முதலில் எதைச் செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட தொடக்கப்பள்ளி ஆறு வீடுகளாக மாறும்.

"அது தேறிச்சுன்னா, கட்டி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கேன். எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். தேறலேன்னா ஆகஸ்ட்ல கொடுத்துடுவேன், ரொவீனா. கோவிச்சுக்காத."

அன்றிலிருந்து அம்மா பள்ளியில் குடியேறிவிட்டாள், மனதளவில். அந்த ஆறு வீடுகளின் வரைபடத்தைக் குளிர்பெட்டி மேல் ஒட்டினாள். மூன்றாம் எண் வீடு, அதாவது நான்காம் வகுப்பும் கோட்டு மாட்டும் அறையில் பாதியும். பழைய கட்டடம் என்பதால் கரும்பலகைகளை அகற்றக் கூடாதாம்.

"சோபாவை பலகைக்குக் கீழ போட்டுக்கலாம், டெல். வாங்க வேண்டியதை எல்லாம் அதுலயே எழுதிடலாம். பால், முட்டை, சோப்பு. சாக்பீஸ் மட்டும் நாம வாங்கணும்."

அம்மா நிறையப் பேசுவாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்து மணி நேரம் பேசிவிட்டு வந்து, வீட்டில் குளிர்பெட்டியோடு பேசுவாள். காலையில் காரோடு பேசுவாள். என் பங்குக்கும் சேர்த்துத்தான் அவள் பேசுகிறாள் என்று நினைக்கிறேன்.*

* குளிர்பெட்டி பதில் சொல்கிறது. நான் சொல்வதைவிட அதிகமாகவே.

4

இங்கே எதிர்த்தரப்பைக் காட்ட வேண்டும். கதை என்றால் ஒரு கெட்டவர் வேண்டுமே. எனக்குக் கிடைத்தவர் குப்பைக் கிடங்கின் பொறுப்பாளர் அம்ப்ரோஸ் டட்டில். ஆனால் அவர் எனக்கு மதியம் பாதி சாண்ட்விச் தருபவர். கெட்டவராக எழுத நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் கையில் சாண்ட்விச்சோடுதான் வருகிறார்.

ஹார்க்னஸில் தேர்தல் பிரசாரம் நடப்பது குப்பைக் கிடங்கில்தான். வாரம் ஒரு முறை எல்லோரும் வந்தாக வேண்டிய இடம் வேறு இல்லை. கண்ணாடிப் புட்டிகள் போடும் தொட்டி பக்கம் 'ஆம்' அட்டை. அட்டைப்பெட்டிகள் நசுக்கும் எந்திரம் பக்கம் 'இல்லை' அட்டை. 'ஆம்' அட்டையைப் பிடித்திருந்தவர் அம்ப்ரோஸின் மனைவி ஹொனோரா. 'இல்லை' அட்டை அம்ப்ரோஸ் கையில். இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள். அட்டைகள் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

"வருஷா வருஷம் வரி ஏறுது. இதுல பேணுறதுக்கு ஒரு வரியா? என்னைய யாரு பேணுறா?"

"நான்தான் முப்பத்திரண்டு வருஷமா பேணுறேன். அதுக்கே ஒரு நிதி வேணும்."

"கேட்டியா டெலியா? இவ 'ஆம்' போடுவா, நான் 'இல்லை' போடுவேன். கழிச்சா பூஜ்யம். கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வீட்டு ஓட்டு எதுக்கும் பிரயோஜனம் இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் வீட்லயே இருந்துடலாமே" என்றார் புட்டி போட வந்த ஒருவர்.

"இருந்து பார்த்தோம், ஒரு தடவை. நான் மாடு பார்க்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய் ஓட்டுப் போட்டேன். அங்க வரிசையில இவ நிக்கிறா."

"தயிர் வாங்கப் போனேன்" என்றார் ஹொனோரா.

[இந்தக் காட்சியைச் சுருக்கலாமா என்று யோசித்தேன். இதில் எங்கள் வீடு விற்பனையாவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அன்று கொட்டகைக்குள் நின்று இதைக் கேட்டுச் சிரித்தபோது, இவர்கள் கழித்துக்கொண்டு போனபின் மிஞ்சும் ஓட்டுகளில்தான் நாங்கள் எங்கே தூங்குவோம் என்பது இருக்கிறது என்று தோன்றியது. அதனால் வைத்திருக்கிறேன்.]

5

இப்போது கதாநாயகியைப் பற்றிய சந்தேகம்.

முதல் வரைவில் ஓட்டுப் போடப் போனது நான் இல்லை. மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட். இரண்டு வருடமாக என் நோட்டுகளில் வாழ்கிறாள். நாற்பது வயது, பெரிய கைகள், ஊர்க்கூட்டத்தில் ஒலிபெருக்கி கேட்காமல் பேசுபவள். எனக்குச் சொல்ல வராததை எல்லாம் அவளைச் சொல்ல வைப்பேன். அவளையே இந்தக் கதைக்கும் அனுப்பினால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும். நடக்கவில்லை என்பதால் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். போனது நான்.

ஓட்டுப் போடுவதில் எனக்கு ஒரே பயம், முதல் மேசை. அங்கே நம் தெருவையும் எண்ணையும் பெயரையும் வாயால் சொல்ல வேண்டும். மேசைக்காரர் அதைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்வார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும் என்று அப்படி ஒரு முறை. சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் இரண்டாம் மேசையில் இதே கூத்து மறுபடியும்.

ஒன்பது நாள் ஒத்திகை பார்த்தேன். கொட்டகையில் யாரும் இல்லாதபோது டோஸ்டர்களைப் பார்த்துச் சொல்வேன். "மில் சாலை. பதினேழு. க்ரோவெல், டெலியா." எந்த டோஸ்டரும் ஆட்சேபிக்கவில்லை.

திங்கட்கிழமை. முதல் மேசையில் ஒரு பெரியம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"தெரு?"

"மில் சாலை."

"கண்ணு, நான் கிழவி. சத்தமா."

"மில் சாலை!"

"எண்?"

"பதினேழு."

"பேரு?"

"க்ரோவெல். டெலியா."

"மில் சாலை! பதினேழு! க்ரோவெல்! டெலியா!" ரயில் வருவதை அறிவிப்பது போல அறிவித்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். (மேலே தவறாகச் சொல்லிவிட்டேன். சில சமயம் முகத்தையும் பார்க்கிறார்கள்.) யாரும் ஆட்சேபிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற அம்ப்ரோஸ் மட்டும் "அடேயப்பா, பொண்ணுக்குக் குரல் இருக்கு!" என்றார்.

சீட்டு கையில் வந்தது. திரைக்குள் போனேன். என் காது சுட்டது. சொல்லிவிட்டேன்! அந்தக் கணத்தில் இந்த ஊரை யாராவது என்னிடம் கொடுத்திருந்தால் ஆண்டிருப்பேன்.

6

இனி வருவதை மெதுவாக எழுத வேண்டும். நடந்தபோது வேகமாக நடந்துவிட்டது.

சீட்டின் முன்பக்கம் ஊர்ப் பதவிகள். பெரும்பாலும் ஒரு பதவிக்கு ஒருவர்தான் நிற்பார். அவருக்கு நேராகக் குறி போட்டுக்கொண்டே கீழே வந்தேன். கடைசியில் கல்லறைத் தோட்ட ஆணையர், மூன்று ஆண்டுகள். யாரும் நிற்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் கோடு. விரும்பும் பெயரை நாமே எழுதலாம்.

வாசகரே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த முழுச் சீட்டிலும் எழுத அனுமதியுள்ள ஒரே இடம் அது. நூலில் கட்டிய ஒரு பென்சில். இரண்டு வருடமாக ஒளித்து ஒளித்து எழுதும் ஒருத்தி. திரை வேறு போட்டிருக்கிறது.

எழுதினேன். மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட். கொட்டகையில் அட்டைகளுக்கு எழுதுவேனே ('விளக்கு. எரியும். மனது வைத்தால்.'), அந்த எழுத்தில். ஒவ்வொரு எழுத்தாக. முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். அவள் பெயர் என் நோட்டுக்கு வெளியே இருப்பது அதுதான் முதல் தடவை.

"உள்ள வீடா கட்டுற?" என்றார் அம்ப்ரோஸ், வெளியிலிருந்து.

பதறிக்கொண்டு வந்தேன். இரண்டாம் மேசை. தெரு, எண், பெயர். இந்தத் தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டை மரப்பெட்டிக்குள் செருகினேன். காவலர் கைப்பிடியைச் சுற்ற, பெட்டி அதை விழுங்கி, உள்ளே மணி அடித்தது.

அன்று மாலை அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"போட்டியா?"

"போட்டேன்."

"பின்பக்கத்துல எழுத்து எவ்வளவு பொடிசு பார்த்தியா? கண்ணாடியைத் தேடவே எனக்கு ரெண்டு நிமிஷம். அடியில 'கேள்விக்குத் திருப்பவும்'னு போட்டிருக்கான், எறும்பு எழுதின மாதிரி. யாரு பார்ப்பா அதை?"

[இந்த இடத்தில் என் கையில் என்ன இருந்தது, அது விழுந்ததா என்றெல்லாம் எழுதலாம். ஒன்றும் விழவில்லை. பட்டாணி உரித்தேன். எட்டு மணிக்குள் எல்லாப் பட்டாணியும் தீர்ந்தது.]

நான் திருப்பவில்லை.

7

எட்டரைக்கு டவுன் ஹாலில் வினிஃப்ரெட் படித்தார். அவர் படிக்கும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

"கேள்வி ஒண்ணு. ஆம், இருநூத்திப் பதினாலு. இல்லை, இருநூத்திப் பதினாலு. வெற்று, முப்பத்தொண்ணு. சமமா வந்தா தேறலைன்னு அர்த்தம். கேள்வி தேறல."

பிறகு பதவிகள். கல்லறைத் தோட்ட ஆணையர்: அம்ப்ரோஸ் டட்டில், நான்கு ஓட்டு. மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட் (இங்கே அவர் நின்று, கண்ணாடியைச் சரிசெய்தார்), ஒரு ஓட்டு.

"என்னையா?" என்றார் அம்ப்ரோஸ். "நான் நிக்கவே இல்லையே! இந்த ஊர்ல நாலு பேருக்கு என் மேல அவ்வளவு கோபமா?"

"மூணு பேருக்கு" என்றார் ஹொனோரா. "ஒண்ணு நான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், கடைசியாக. பிறகு வழி நெடுக, அடுத்த நாள், அதற்கடுத்த நாள், அந்த முப்பத்தொரு பேரைத் திட்டினாள். குளிர்பெட்டியிடம் சொன்னாள்: "ஒரே ஒருத்தர்! ஒரே ஒரு சோம்பேறி தாளைத் திருப்பியிருந்தா போதும். அவங்க சுடுற ரொட்டி ஆயுசுக்கும் ஒரு பக்கம் கருகியே வரட்டும்." ஆர்வில் மறுபடி படி ஏறி வந்து தொப்பியைக் கழற்றினார். அம்மா அவரிடம் "முட்டியைப் பார்த்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வரைபடத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தாள். கிழிக்கவில்லை, மடித்தாள்.

முப்பத்தொன்றில் என்னுடையது ஒன்றுதான், மற்ற முப்பது பேரும் நன்றாகத்தானே தூங்குகிறார்கள் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் சரி. ஆனால் அவர்கள் யாரும் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து இரவு உணவு சாப்பிடவில்லை.

8

சனிக்கிழமை வினிஃப்ரெட் கேட்டதைத்தான் முதலில் எழுதினேன். அதற்கடுத்து அவர் சொன்னதை எழுதவில்லை.

"நீ பதில் சொல்லாத. நானும் கேக்கல. ஓட்டு ரகசியம், நான் சத்தியம் பண்ணினவ." கொட்டகைச் சுவரில் நான் எழுதித் தொங்கவிட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அழகான எழுத்து. ஒரு சீட்டுல பார்த்தேன். பின்பக்கம் பாவம், ஒண்ணுமே இல்லை."

போய்விட்டார்.

அரை மணி கழித்து ஹொனோரா ஒரு தாளோடு வந்தார். மறு எண்ணிக்கை கேட்கும் மனு. பத்து வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு வியாழன் மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். ஒன்பது ஆகிவிட்டது. முதல் பெயர் அம்மாவுடையது.

"ஒரு சீட்டைத் தப்பா வெற்றுல சேர்த்துட்டாங்க, டெலியா. நான் எண்ணும்போது நின்னு பார்த்தேன். 'ஆம்'னு கட்டத்துல குறி போட்டு, பக்கத்துல 'ஆனா நாய் ஓட இடம் விடணும்'னு எழுதியிருக்கு. அது ஆம் தானே? நிபந்தனை வெச்ச ஆம். மறுபடி எண்ணினா ஒண்ணு கூடும்."

அப்படியும் பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. மறு எண்ணிக்கை கேட்பது என்றால் வினிஃப்ரெட்டுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்வது. இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு நாயாவது இருக்கிறது, உரிமம் அவரிடம்தான் புதுப்பிக்க வேண்டும்.

"நீ போடுறியா?"

"பேனா இல்லை" என்றேன்.

ஹொனோரா என் காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தார். இன்னொரு காதில் செருகியிருந்த பேனாவையும் பார்த்தார். "சரி, தாளை இங்கேயே வெச்சுட்டுப் போறேன். யாராவது போடுவாங்க." அம்ப்ரோஸ் தூரத்தில் நின்று கத்தினார்: "நான் போட மாட்டேன். ஆனா போடுறவங்களைத் தடுக்கவும் மாட்டேன்!"

புதன் மாலை வரை யாரும் போடவில்லை; தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நான் ஏன் போடவில்லை? மறு எண்ணிக்கையில் ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி, இருபுறமும் என்ன இருக்கிறது என்று உரக்கப் படிப்பார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். "கல்லறைத் தோட்ட ஆணையர், மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட். பின்பக்கம், வெற்று." அந்த எழுத்தை அவள் ஒரு நொடியில் அடையாளம் காண்பாள். நான் கையெழுத்திட்டால் வீடு கிடைக்கலாம், குட்டு உடையும். கையெழுத்திடாவிட்டால் குட்டு நிற்கும், வீடு போகும். இதை ஒரு கதாபாத்திரத்துக்குக் கொடுத்திருந்தால், இவள் என்ன இவ்வளவு யோசிக்கிறாள் என்று எனக்கே எரிச்சல் வந்திருக்கும்.

9

முடிவுகள். இருப்பதை எல்லாம் போடுகிறேன்.

முதல் முடிவு: மெஹிட்டபெல் ஸ்ட்ரவுட் டவுன் ஹாலுக்குள் வந்து, பெரிய கையால் பத்தாவது கோட்டில் கையெழுத்துப் போடுகிறாள். சிக்கல், அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. வினிஃப்ரெட் அதைப் பார்த்து மயங்கி

இல்லை.

இரண்டாவது: மறு எண்ணிக்கை. நாய்க்காரரின் 'ஆம்' ஏற்கப்படுகிறது. ஊர் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலில் என் சீட்டைப் படித்தது யாருக்கும் கேட்கவில்லை. [இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இதனால்தான் இதை நம்ப முடியவில்லை.]

மூன்றாவது: மறு எண்ணிக்கையில் 'இல்லை' பக்கமும் ஒன்று கூடுகிறது. மறுபடி சமம். குட்டும் உடைந்தது, வீடும் போனது.

நான்காவது: ஆகஸ்டில் ஒரு வாடகை லாரி. வேறு ஊர். அம்மா அந்த முப்பத்தொரு பேரைத் திட்டிக்கொண்டே பெட்டி கட்டுகிறாள். நான் நாடாவை ஒட்டித் தருகிறேன்.

நான்காவதை எழுதியதும் பென்சிலைக் கீழே வைத்தேன். மற்ற மூன்றையும் நான் எழுத வேண்டும். இது மட்டும் நான் ஒன்றுமே செய்யாவிட்டால் தானாக நடக்கும்.

அதனால் இன்று, வியாழக்கிழமை காலை, இரண்டு காரியம் செய்தேன். பத்தாவது கோட்டில் பேனாவால் என் பெயரை எழுதினேன். சீட்டில் எழுதிய அதே எழுத்தில். அந்தத் தாளை இந்தப் பக்கத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

வாசகரே, இவ்வளவு நேரம் உங்களை யாரோ போல அழைத்தேன். எனக்குத் தெரிந்து இந்த நோட்டுக்கு ஒரே வாசகர்தான். அம்மா, அது நீ. ஆர்வில் தொப்பியைப் பற்றியும், நீ சோபா போடப்போகும் இடம் பற்றியும் உனக்கே விளக்கிக்கொண்டு போனது நேரம் கடத்தத்தான். திருப்பாத அந்தச் சோம்பேறி நான். ரொட்டி கருகட்டும்.

தாள் ஐந்து மணிக்குள் வினிஃப்ரெட் மேசைக்குப் போக வேண்டும். கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கு இப்போது தெரியும். அந்தக் கூடத்தில் என் சீட்டைப் படிக்கும்போது நீ அங்கே இருக்க வேண்டாம் என்று நினைத்தால், இதை அடுப்பில் போடு. இருப்பாய் என்றால் கொண்டு போ. நான்கு முடிவுகளில் உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

10

இது வேறு நோட்டு. முதல் பக்கங்களில் யாரோ குருவிகளை எண்ணியிருக்கிறார்கள்.

மதியம் இரண்டு மணி. அம்மாவுக்கு அன்று மூன்று மணிக்குத்தான் வேலை. சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நோட்டை வைத்தேன். "இது என்ன, யாரு விட்டுட்டுப் போனது?" என்றாள். நான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் சிரித்தாள். ஆப்பிள் கேக்காக இருக்க வேண்டும். பிறகு "டெல், இது உன் எழுத்தாச்சே" என்றாள். பிறகு தாளைத் திருப்பினாள். டோஸ்டர்கள் வந்த இடத்தில் மூக்கால் ஒரு சத்தம். தயிர் வந்த இடத்தில் இல்லை. சூப் ஆறியது. தாள் திரும்பும் ஒலியை எண்ணிக்கொண்டிருந்தேன், ஒரே கிண்ணத்தை மூன்று முறை கழுவினேன். ஒரு இடத்தில் வெகுநேரம் தாள் திரும்பவில்லை. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

நோட்டு மூடும் ஓசை கேட்டது.

திரும்பினேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். பேச வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். குளிர்பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை. கோட்டை மாட்டினாள், பொத்தானை மேலிருந்து கீழ்வரை போட்டாள், ஒன்று தவறிப்போய் மறுபடி அவிழ்த்துப் போட்டாள். சாவியை எடுத்தாள். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தாள் அதற்குள்தான் இருந்தது.

எங்கள் வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் டவுன் ஹால். வலப்பக்கம் திரும்பினால் முதியோர் இல்லம். ஜன்னலுக்கு நான்கு அடி. போய்ப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். கையெல்லாம் சோப்பு, நின்ற இடத்திலேயே நின்றேன்.

அம்மா கதவைத் திறந்து, என் முகத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.